பதினேழாம் எண் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் பார்னபாஷ் ஒயின்கடையின் பின்னறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். மற்றவர்கள் வந்து சேர மூன்று ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்கு வேலை இருந்தது. அச்சடித்து எடுத்துவந்த தாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பழைய சீட்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் நுழைக்க வேண்டும். துண்டில் படம் கிடையாது, பெயரும் கிடையாது. ஒரு எண், அதற்குக் கீழே நாலைந்து வரி, அவ்வளவுதான். அவை இன்னும் பிறக்காத சீட்டுகள். அடுத்த வருஷம் இதில் சில, படத்தோடும் பெயரோடும் கடைக்கு வரும். மற்றவை இந்த அறையோடு முடிந்துபோகும்.

வாரத்தில் ஐந்து நாள் செகெத் நகரத்து ட்ராம் தண்டவாளங்களைத் தூக்கி இறக்கும் கைகள் அவனுடையவை. சாதாரணக் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் அவன் கட்டைவிரல் நுழையாது. தையல்காரர் வைத்திருக்கும் பெரிய கத்தரிக்கோல் ஒன்றை அதற்கென்றே வாங்கி வைத்திருந்தான். நாற்பத்தொன்பது வயது ஆள் நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு தாள் வெட்டுவதைப் பார்த்தால் கடைக்காரிக்குச் சிரிப்பு வரும். கேலி செய்ய மாட்டாள். தட்டில் உப்புப் பொகாச்சா ரொட்டி நாலு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆட்டம் ரத்தக்காட்டேரிகள் ஆட்டம். ஐந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் முப்பது சிவப்பு மணி, அதுதான் உயிர் ரத்தம். உன் காட்டேரிகளை வைத்து உன் இடப்பக்கத்தில் இருப்பவனின் ரத்தத்தை உறிஞ்ச வேண்டும். உன் வலப்பக்கத்தில் இருப்பவன் உன்னை உறிஞ்சுவான். இடப்பக்கத்தான் இரை, வலப்பக்கத்தான் வேட்டைக்காரன். எதிரே இருக்கிற இரண்டு பேரும் நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. அதனால் பேச வேண்டியிருக்கும். இந்தச் சுற்றில் என்னை விடு, அடுத்த சுற்றில் உனக்கு உதவுகிறேன் என்று கெஞ்ச வேண்டும், மிரட்ட வேண்டும், பொய் சொல்ல வேண்டும். சீட்டு பாதி, வாய் பாதி.

அவன் விளையாடத் தொடங்கியபோது சீட்டு கிடைப்பதே கஷ்டம். ரயிலேறி வியன்னாவுக்குப் போன யாராவது ஒருத்தன் பத்துப் பொட்டலம் வாங்கிவருவான். அதை மேசை நடுவில் வைத்து, கையைக் கழுவிவிட்டு வந்துதான் பிரிப்பார்கள். சிவப்பு மணிக்குப் பதில் புளிப்புச் செர்ரிக் கொட்டை. கோடையில் சாப்பிட்ட பழத்தின் கொட்டையைக் காயவைத்து, டப்பாவில் போட்டு வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். இங்கிலீஷ் யாருக்கும் சரியாக வராது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சீட்டைப் படிப்பார்கள். அப்போது இந்த அறையில் சிகரெட் புகை கூரையைத் தொட்டுத் தொங்கும். ஜன்னலைத் திறந்தால் திசா ஆற்றங்கரைக் கொசு உள்ளே வரும். புகையா கொசுவா என்று ஓட்டெடுப்பு நடத்துவார்கள், அதிலும் கூட்டணி உண்டு.

பிறகு அச்சடித்த கம்பெனி ஆட்டத்தைக் கைவிட்டது. பத்து வருஷம் புதுச்சீட்டே இல்லை. பழைய சீட்டுகளையே ஆடி ஆடி ஓரம் வெளுத்துப்போயிற்று. இப்போது வேறொரு சின்னக் கம்பெனி மறுபடி அச்சடிக்கிறது. அச்சடிக்கும் முன்னால் ஊர் ஊராக ஆடிப்பார்க்கச் சொல்லி அனுப்புகிறது. கூலி கிடையாது. சீட்டுப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஆடிப்பார்த்தவர்களின் பெயர் வரும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க பார்னபாஷ் கண்ணாடி வாங்கினான்.

இந்த வருஷம் அதற்கு ஆபத்து வந்திருந்தது. ஐந்து பேர் இல்லாத குழுவை வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த வருஷத்துக்கான ஐந்து பெயரையும் இந்த ஞாயிறுக்குள் அனுப்புங்கள் என்று கடிதம். ஐந்தாவதாக இருந்தவன் ஆகஸ்டில் வேலை தேடி லின்ஸ் நகரத்துக்குப் போய்விட்டான். மிச்சம் நாலு பேர். சந்தையில் மிளகாய்த்தூள் கடை போட்டிருக்கும் கிங்கா, மருந்துக்கடை லோரான்ட், பள்ளிக்கூட வாத்தியார் ஒலிவேர், பார்னபாஷ். ஐந்தாவது நாற்காலியில் மூன்று வாரமாக டேனெஷ் உட்கார்ந்திருந்தான். வருகிறான், ஆடுகிறான், போகிறான். பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டால், "பாக்கலாம்" என்பான்.

டேனெஷ் அந்த நாற்காலிக்குப் புதியவன் இல்லை. செர்ரிக் கொட்டைக் காலத்து ஆள். புடாபெஸ்டில் ஒரு பெரிய போட்டி. இரண்டு பேரும் ஒரே இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள். டேனெஷ் பார்னபாஷுக்கு இரை. "ரெண்டு சுத்து உன்னைத் தொடமாட்டேன், நீ உன் இரையை முடிச்சுக்கோ," என்று பார்னபாஷ் வாக்குக் கொடுத்தான். டேனெஷ் நம்பினான். தன் காட்டேரிகள் எல்லாவற்றையும் முன்னால் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்தான். அடுத்த சுற்றிலேயே பார்னபாஷ் அவனை முடித்தான். அப்படி முடித்தும் ஜெயிக்கவில்லை, மூன்றாம் இடம்தான் வந்தது. திரும்பி வருகிற ரயிலில் இரண்டரை மணி நேரம் டேனெஷ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு மாதம் கழித்து ட்யோர் நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை என்று போனவன், இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் வரவில்லை. போன குளிர்காலத்தில் ஊர் திரும்பினான். சந்தையில் கிங்காவிடம் மிளகாய்த்தூள் வாங்க வந்து மாட்டிக்கொண்டான்.

என்னால்தான் போனான் என்று பார்னபாஷ் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இருபது வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். டேனெஷின் பெயர் பட்டியலில் ஏறவேண்டும் என்று மற்றவர்கள் ஆசைப்பட்டது குழு பிழைப்பதற்காக. பார்னபாஷுக்கு அது மட்டும் இல்லை.

இந்தத் தடவை வந்த சீட்டுகளில் பதினேழாம் எண் இப்படிச் சொல்லியது: இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரு வாக்குக் கொடுத்துக்கொள்ளலாம், இரண்டு சுற்றுக்குள் வாக்கை மீறுகிறவர் பத்து மணி ரத்தம் இழப்பார்.

டேனெஷுக்கு அந்தச் சீட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதல் நாளே அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது அன்னிக்கு இருந்திருக்கணும்," என்று மட்டும் சொன்னான்.

ஆனால் ஆடிப்பார்த்தால் சீட்டு நன்றாக இல்லை. ஆளாளுக்கு அதைப் போட்டு ஒருவரையொருவர் வாக்கால் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்ட பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஐந்து ஆட்டத்தில் நாலு ஆட்டம் யாரும் சாகாமலே இரண்டு மணி நேரக் கெடு முடிந்து நின்றது. மேசையில் மணி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதென்ன சீட்டா, பத்திரப் பதிவு ஆபீஸா?" என்றாள் கிங்கா. "கையெழுத்துப் போட்டுட்டு வரிசையில உக்காந்திருக்கோம்."

"உனக்கு ஏமாத்த முடியலன்னு வருத்தம்," என்றான் டேனெஷ்.

"பின்னே? நான் மிளகாய்த்தூள்ல செங்கல்பொடி கலக்கிறதில்ல. வாரத்துக்கு ஒரு நாளாவது ஏமாத்த வேண்டாமா?"

வியாழக்கிழமை, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தண்டவாள மறையை முடுக்கிக்கொண்டிருந்தபோது பார்னபாஷுக்கு அது தோன்றியது. திருகுசாவியைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நின்றான். மேஸ்திரி, "என்னப்பா, நெஞ்சு வலியா?" என்று ஓடிவந்தார்.

முதல் அச்சில் 'வெறி' என்று ஒரு சீட்டு வந்தது. மலிவுச் சீட்டு, ஆளாளுக்கு அடுக்கிக்கொண்டுவரும் சீட்டுக்கட்டில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. அதைப் போட்டால் மேசையில் இருக்கும் யாருடைய காட்டேரியாவது ஒன்று வெறிகொண்டு, தன் எஜமானின் இரையைத் தாக்கியே தீரும். எஜமான் வேண்டாம் என்றாலும் தாக்கும். அப்படியானால், உன்னைத் தாக்கமாட்டேன் என்று ஒருவன் பதினேழாம் சீட்டால் கட்டுப்பட்டிருக்கும்போது அவன் காட்டேரிக்கு வெறி ஏற்றிவிட்டால்? அவன் வாக்கு உடையும். பத்து மணி போகும். வாக்குக் கொடுத்த குற்றத்துக்கே ஆள் பாதி செத்துப்போவான்.

அன்று சாயங்காலம் அலமாரிக்கு மேலிருந்த செருப்புப் பெட்டியை இறக்கினான். சீட்டுகளில் இன்னும் அந்தக் காலத்துச் சிகரெட் வாசனை இருந்தது. ஒன்றில் ஒயின் கறை வட்டமாக, யாரோ டம்ளர் வைத்த அடையாளம். யார் வைத்தது என்று யோசித்து, கடைசியில் தானேதான் என்று முடிவுக்கு வந்தான். 'வெறி' மூன்று இருந்தது. மூன்றையும் தன் சீட்டுக்கட்டில் சேர்த்தான்.

ஆடிப்பார்க்கிறவனின் வேலை, சீட்டை உடைப்பது. எவ்வளவு கொடூரமாக ஆட முடியுமோ அவ்வளவு கொடூரமாக ஆட வேண்டும். உடைக்கும் வழியை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நாளைக்குப் போட்டியில் எதிராளி சொல்லிவிட்டா செய்வான்? இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பார்னபாஷுக்குப் பயம் ஒன்றுதான். இருக்கைக் குலுக்கலில் டேனெஷ் தன் வலப்பக்கம் வந்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை குலுக்கினார்கள். டேனெஷ்தான் வந்தான்.

இரண்டாம் சுற்றிலேயே டேனெஷ் பதினேழாம் சீட்டை மேசையில் வைத்தான். "ரெண்டு சுத்து உன்னைத் தொடமாட்டேன் பார்னி. நீ உன் இரையை முடிச்சுக்கோ." புடாபெஸ்டில் பார்னபாஷ் சொன்ன அதே வார்த்தைகள். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று முகத்தில் தெரியவில்லை. பார்னபாஷ் தலையாட்டினான். கையில் 'வெறி' ஒன்று இருந்தது. அடுத்த சுற்றில் இன்னொன்று வந்தது. இரண்டையும் விரலிடுக்கில் ஓரமாகத் தள்ளிவிட்டு, வேறு சீட்டுகளை ஆடினான். டேனெஷ் மறுபடி கட்டினான், மறுபடி. ஆட்டம் பழையபடி ஊர்ந்து கெடுவில் நின்றது. யாரும் சாகவில்லை.

சோதனை ஆட்டம் முடிந்தால் கையில் மிஞ்சிய சீட்டுகளை எல்லாரும் மேசையில் விரித்துக் காட்ட வேண்டும். எதை ஏன் ஆடவில்லை என்று சொல்ல வேண்டும், ஒலிவேர் குறித்துக்கொள்வான். அந்த வழக்கத்தை இந்த மேசையில் ஏற்படுத்தியதே பார்னபாஷ்தான். அது அன்றைக்கு அவனுக்கு மறந்துபோயிருந்தது.

விரித்தான். டேனெஷ் குனிந்து பார்த்தான்.

"இது ரெண்டும் கையில எப்பலேர்ந்து இருக்கு?"

"ஒண்ணு ரெண்டாவது சுத்து. ஒண்ணு மூணாவது."

டேனெஷ் லிஃப்ட் மோட்டாரின் உள்ளே பார்க்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று. லோரான்ட் முதலில் விசிலடித்தான். "அடப்பாவி. பத்து மணி, வாக்குக் கொடுத்தவனுக்கா?"

"ஏன் போடல?" என்றான் டேனெஷ்.

"சரியான நேரம் அமையல."

"மூணு தடவை கட்டினேன். மூணு தடவையும் நேரம் அமையலியா?"

ஒலிவேர் பேனாவைக் கீழே வைத்தான். கிங்கா டம்ளரில் ஒயினோடு சோடாவை ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"உன் மேல போட எனக்கு மனசு வரல," என்றான் பார்னபாஷ். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. "அன்னிக்குப் புடாபெஸ்ட்ல... அதனாலதானே நீ போனே."

"எதனால?"

"நான் வாக்கு மாறினேன்ல."

டேனெஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். போகப்போகிறான் என்று பார்னபாஷ் நினைத்தான். அவன் காலை நீட்டிக்கொள்ளத்தான் தள்ளினான்.

"அந்த ரயில்ல எனக்குக் கோவம், நெசம். உன்னை ஜன்னல் வழியா தள்ளிவிட்டா என்னன்னு கெச்கெமெத் ஸ்டேஷன் வரைக்கும் யோசிச்சேன். அதுக்கப்புறம் சரியாப் போச்சு. அடுத்த வாரம் இங்க வந்தேன், ஞாபகம் இருக்கா? நீ என் வலப்பக்கம். ஆட்டம் முழுக்க என்னை ஒரு தடவைகூட அடிக்கல. அதுக்கு அடுத்த வாரம் கிங்கா. அவளும் அடிக்கல."

"நானா?" என்றாள் கிங்கா.

"நீதாம்மா. நாலு வாரம். இந்த மேசையில யாருமே என்னைத் தொடல. ஆஸ்பத்திரியில படுத்தவனைப் பாக்க வந்த மாதிரி எல்லாரும் மெதுவாப் பேசினீங்க. நாலு பேருக்கு நடுவுல தனியா உக்காந்து ஆடினேன். ஏமாத்தினா பரவாயில்ல. விட்டுக்கொடுத்தா எப்படி ஆடறது? ட்யோர்ல வேலை கெடைச்சுது, போயிட்டேன்."

முன்னறையில் யாரோ கால்பந்து பார்த்துக்கொண்டு முனகினார்கள்.

பார்னபாஷுக்கு அந்த நாலு வாரம் நினைவுக்கு வந்தது. அப்போது அதை நல்ல மனசு என்று நினைத்திருந்தான். டேனெஷ் பக்கம் தன் காட்டேரியைத் திருப்பும்போதெல்லாம் கை கூசியது, அதனால் திருப்பவில்லை. இருபது வருஷம் தப்பான பாவத்தைச் சுமந்துகொண்டு தண்டவாளம் போட்டிருக்கிறான். அடித்ததற்காக வருத்தப்பட்டான். அடிக்காமல் விட்டதல்லவா ஆளை விரட்டியிருக்கிறது.

"இன்னிக்கும் அதையே பண்றே," என்றான் டேனெஷ். "நான் பெயர் தரணும்னு பார்க்கறே, அதுக்காக மெத்தை விரிக்கிறே. இதுக்கு நான் வீட்லயே உக்காந்து என் பூனையோட ஆடுவேன். அது கடிக்கவாவது செய்யும்."

"இன்னொரு ஆட்டம்," என்றான் பார்னபாஷ். "அதே இருக்கை."

"வழிதான் வெளியே வந்திருச்சே, இனிமே என்ன சோதனை?" என்றான் ஒலிவேர்.

"தெரிஞ்ச பிறகும் எவனாவது இந்தச் சீட்டைப் போடுவானான்னு பாக்கணும்ல," என்றான் டேனெஷ், சீட்டைக் குலுக்கிக்கொண்டே. "அதுதான் பெரிய சோதனை."

மேசையில் சத்தம் திரும்பி வந்ததை முதலில் கவனித்தவன் லோரான்ட். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வெறி கையில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் எத்தனை? கட்டிக்கொள்ளலாமா, கூடாதா? கிங்கா தன்னிடம் இரண்டு வெறி இருப்பதாகச் சத்தியம் செய்தாள். அவள் கட்டில் ஒன்றுகூடக் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் ஒலிவேர் பயந்து ஒரு சுற்று சும்மா இருந்தான்.

"வாத்தியாரே, பசங்க பரீட்சையில உங்களை இப்படித்தான் ஏமாத்துறாங்களா?"

"அவங்க இவ்வளவு மோசம் இல்ல."

மூன்றாம் சுற்றில் டேனெஷுக்கு நெருக்கடி. அவனுக்கு வலப்பக்கம் இருந்த கிங்கா உறிஞ்சி உறிஞ்சிப் பத்தே மணிகளுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தன்னைக் காத்துக்கொள்ளக் காட்டேரிகளைத் தன்னிடமே நிறுத்த வேண்டும். அவை எப்படியும் பார்னபாஷைத் தாக்கப்போவதில்லை; அதையே வாக்காகக் கொடுத்தால், கிங்காவைத் தடுக்கப் பார்னபாஷ் உதவுவான். பதினேழாம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்னபாஷின் முகத்தைப் பார்த்தான்.

"கையில வெறி இருக்கா?"

பார்னபாஷின் கையில் ஒன்று இருந்தது. ஒரு நிமிஷம் முன்னால்தான் வந்தது. காது மடல் சுட்டது. டேனெஷின் கண்ணை நேராகப் பார்த்தான். கண் ஓரத்தில் சுருக்கம் விழுந்திருந்தது, முன்னால் அது இல்லை.

"இல்ல."

"இல்லையா?"

"செருப்புப் பெட்டி சாட்சியா இல்ல."

டேனெஷ் சீட்டை மேசையில் வைத்தான். "ரெண்டு சுத்து உன்னைத் தொடமாட்டேன்."

பார்னபாஷ் தன் முறை வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வெறியை எடுத்து, டேனெஷின் கிழட்டுக் காட்டேரியின் மேல் வைத்தான். மெதுவாக, ஓரம் ஒட்டி, நேராக வைத்தான். தண்டவாளத்தின் மேல் தண்டவாளத்தை இறக்குகிற மாதிரி. காட்டேரி பாய்ந்தது. பார்னபாஷுக்கு இரண்டு மணி போனது. டேனெஷுக்கு இருந்த பத்தும் போனது.

டேனெஷ் ஆட்டத்திலிருந்து விழுந்தான். இரை விழுந்ததற்கான புள்ளி கிங்காவுக்குச் சேர்ந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலியே," என்றாள் கிங்கா மணிகளை வாங்கிக்கொண்டு. "இனிமே தினமும் எனக்கு இப்படி வேலை செய்யுங்கப்பா."

டேனெஷ் தன் காலி இடத்தைப் பார்த்தான். பிறகு பார்னபாஷைப் பார்த்தான். "பொய்யன்," என்றான். சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரலில் சொன்னான். "இருபது வருஷத்துல பொய் சொல்றதுல நீ தேறவே இல்ல. அன்னிக்கு உனக்குக் காது சிவந்தது, நான்தான் அதைப் பெருசா எடுத்துக்கல. இன்னிக்கும் சிவந்தது. கவனிச்சேன். இருந்தும் போட்டேன்."

"கவனிச்சும் ஏன் போட்டே?"

"போடாம இருந்தா கிங்கா என்னைக் கொன்னிருப்பா. அவ கையால சாகறதுக்கு உன் கையால சாகலாம்." அவன் எழுந்து, ஒலிவேரின் முன்னால் இருந்த அறிக்கைத் தாளை இழுத்துக்கொண்டான். ஆட்டத்திலிருந்து விழுந்தவன்தான் அதை நிரப்ப வேண்டும், மற்றவர்கள் ஆடி முடிக்கட்டும். கொழுப்பு தடவி வெங்காயம் போட்ட ரொட்டி ஒன்றைக் கடைக்காரியிடம் கேட்டு வாங்கி, ஒரு கையில் கடித்துக்கொண்டு மறுகையில் எழுதினான். "பதினேழாம் சீட்டு. பத்து அதிகம். நாலு போதும். அப்பத்தான் கட்டவும் ஆசை வரும், உடைக்கவும் ஆசை வரும். சரியா பார்னி?"

"மூணு போதும்," என்றான் பார்னபாஷ்.

"நாலு."

"மூணு. கிங்கா, நீ சொல்லு."

"என்னை இழுக்காதீங்க, நான் உன்னைக் கொல்லப் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் கிங்கா.

டேனெஷ் விழுந்துவிட்டதால் இப்போது பார்னபாஷ்தான் அவளுக்கு இரை, அதற்குள் அவள் ஒரு காட்டேரியைத் திருப்பியிருந்தாள். பார்னபாஷ் மேசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தடுக்கச் சொல்லி ஒலிவேரிடம் கெஞ்சினான், லோரான்டை மிரட்டினான், இருவரும் கேட்கவில்லை. நாலு சிவப்பு மணி போயிற்று. மறுபடி அறிக்கை பக்கம் பார்த்தபோது டேனெஷ் 'நாலு' என்று எழுதி முடித்து அடுத்த தாளுக்குப் போயிருந்தான். அது கம்பெனி அனுப்பிய பெயர்ப் பட்டியல். பார்னபாஷ் ஏற்கெனவே நாலு பெயரை எழுதி, ஐந்தாவது வரியைக் காலியாக விட்டிருந்தான். டேனெஷ் வெங்காயம் ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அதில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினான். எழுத்து வரியைத் தாண்டிப் போயிற்று.

"பெட்டியில பொடி எழுத்துலதான் போடுவாங்க," என்றான் பார்னபாஷ்.

"நீ ஆட்டத்தைப் பாரு," என்றான் டேனெஷ். "கிங்கா உன்னைத் திங்கப் போறா."